நாலு கிலோ கல்

பெட்டியை வடிவமைத்தவள் நான்.
பீளமேட்டில், மின்விசிறி சுற்றும் அறையில்,
முப்பது டிகிரியில்
கிராம் கிராமாக ஒத்துப்பார்த்து
முத்திரை வைத்து மலைக்கு அனுப்பினேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு தபால் அட்டை:
"தராசு காலையில் திருடுது.
மதியம் திருந்திடுது."

கோத்தகிரிக்குக் கீழே, வெயில் எட்டாத சரிவு.
சில்வர் ஓக் மரங்கள் இடுப்புவரை மட்டும் இருந்தன,
மீதி மூட்டத்துக்குள்.
ஆறாம் நம்பர் இலைக் கொட்டகையில்
மணி ஒன்பது, குளிரும் ஒன்பது டிகிரி.
வரிசையில் முதல் ஆள் மரியபுஷ்பம்
இலைச் சாக்கை இறக்குமுன்
துணியில் சுற்றிய ஒரு கல்லை எடுத்து
தட்டில் வைத்தாள்.

மூன்று கிலோ தொள்ளாயிரத்து அறுபது.

"மளிகைக் கடைப் படிக்கல்லோட
சமமா நின்ன கல்லு மேடம். நாலு கிலோ.
தகரம் சுடட்டும், அப்ப வந்து பாருங்க."

மகனின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை நீட்டினாள்.
தேதி, காலை, மதியம்.
நூற்றுப் பன்னிரண்டு நாள்.
என் சோதனை அறிக்கையில்
மொத்தமே ஏழு புள்ளிகள்.

கணக்கப்பிள்ளை சொன்னார்,
குளிரில் எதுவும் சுருங்கத்தானே செய்யும் என்று.
பனி ஈரத்துக்கென்று சாக்குக்கு ஒரு கிலோ
ஏற்கெனவே கழிக்கிற பேனா
அவர் காதில் இருந்தது.

மதியம் கல் நாலு கிலோ ஆனது.

மூடியைக் கழற்றினேன்.
உள்ளே என் பெருமை உட்கார்ந்திருந்தது:
எட்டுக்கால் ரெஃபரன்ஸ் சிப், இரண்டரை வோல்ட்,
டிகிரிக்குப் பத்து லட்சத்தில் மூன்று பங்குகூட அசையாது.
விலையைக் கேட்டு முதலாளி முகம் சுளித்தபோது
இதில் கைவைக்காதீர்கள் என்று சண்டை போட்டேன்.
மிச்சம் பிடித்தது வேறு இடத்தில்:
லோட் செல்லுக்கு மின்சாரம் ஊட்ட
ஒரு ஜீனர், ஒரு டிரான்சிஸ்டர், போதும் என்று.

டிகிரி ஒன்று குறைந்தால்
அந்த டிரான்சிஸ்டர் தனக்கென்று
இரண்டு மில்லிவோல்ட் கூடுதலாக எடுத்துக்கொள்ளும்.
இருபத்தொரு டிகிரி.
நூற்றில் ஒரு பங்கு.
ஊட்டம் இளைத்தது, சைகையும் கூட இளைத்தது,
சிப் மட்டும் இளைக்கவில்லை.
நடுங்கும் ஒன்றை
நடுங்காத ஒன்றால் அளந்தேன்.
பழி இலையின்மேல் விழுந்தது.

திருத்தம் ஒரு சாண் ஒயர்.
சிப்பைப் பிடுங்கிவிட்டு
லோட் செல்லுக்குப் போகும் அதே வோல்டேஜை
அளவுகோலாகவும் கொடுத்தேன்.
இனி ஏறினால் இரண்டும் ஏறும்,
இறங்கினால் இரண்டும் இறங்கும்,
வகுத்தால் குளிர் அடிபட்டுப் போகும்.
முதல் வருடப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.
செலவும் குறைவு.
அதுதான் வாயைக் கட்டிப்போட்டது.

மறுநாள் காலை, எட்டு டிகிரி.
கல்: நாலு கிலோ.
மரியபுஷ்பம் நோட்டில் எழுதினாள்.
சிரிக்கவில்லை.
கல்லைச் சுற்றி மறுபடி சாக்கோடு வைத்துக்கொண்டாள்.
"இனி எதுக்குங்க அது?" என்றேன்.
"முதல்லயும் இப்படித்தான்
சரியா இருக்குன்னு சீட்டு ஒட்டி வந்துச்சு."

காலை நிறுவையில் பன்னிரண்டு கிலோ என்றால்
நாளுக்கு நூற்றிருபது கிராம்.
இருநூறு நாள், இருபத்துநாலு கிலோ.
அறுபத்தொரு பெண்கள்.
பெருக்கி எழுதிக் கையெழுத்திட்டு
கணக்கப்பிள்ளையின் மேசையில் வைத்தேன்.
பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்,
இதற்குப் பத்தி இல்லையே மேடம்.

மேட்டுப்பாளையம் பஸ்.
வளைவுக்கு வளைவு காது அடைத்துத் திறந்தது.
கைப்பையில் அந்தச் சிப்,
கால் ஒன்று ஒடிந்து,
யார் மின்சாரம் கொடுத்தாலும்
இரண்டரை என்று மட்டுமே சொல்லத் தெரிந்தது.

பர்லியாரில் இன்னொரு தாள் எடுத்து
முதலாளிக்கு எழுத ஆரம்பித்தேன்.
ஆயிரத்து நானூற்று அறுபத்துநாலு கிலோ
என்று முதல் வரி.
அதற்குக் கீழே எதை எழுதினாலும்
பஸ் குலுக்கிக் கோணலாக்கியது.